முத்துவேழன் திறந்த கதவு

முத்துவேழன் என்றொரு அரசன் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. லண்டனில் மிச்சம் என்ற ஊரிலிருந்து குறொய்டனுக்கு வேலைக்குப் போகும் டிராமில் உட்கார்ந்து கிளறிற்றா இட்டுக்கட்டியவன் அவன். அவளுடைய தேவாலயப் பங்கின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு நாடகம் கேட்டிருந்தார்கள். மூன்று மாதம் எழுதினாள்.

நாடகத்தில் முத்துவேழன் பன்னிரண்டு வயதில் முடிசூடி, முத்துக் குளிக்கும் கரையொன்றை இருபத்தோராண்டு ஆண்டவன். குளம் வெட்டினான். முத்தெடுக்கும் சுழியோடிகளின் வரியைக் குறைத்தான். கடைசியில் பகைவன் கோட்டையைச் சுற்றி வளைத்தான். ஐம்பத்திரண்டாம் நாள், உள்ளே பிள்ளைகள் பசியால் சாகத் தொடங்கியதும், முத்துவேழன் தன் கையாலேயே கதவைத் திறந்துவிட்டுச் சிறைக்குப் போனான். அங்கேயே செத்தான்.

விழாக் குழுத் தலைவர் ஞானரட்ணம் பிரதியை மூடி வைத்தார்.

"பிள்ளை, எல்லாம் நல்லாயிருக்கு. ஆனா எங்கட ராசா கதவு திறக்கிறது சரியில்லை."

"அண்ணை, அவர் எங்கட ராசா இல்லை. நான் கற்பனை பண்ணின ஆள்."

"கற்பனையெண்டா பிறகென்ன? வெல்லப் பண்ணலாம்தானே?"

"அந்தக் கதவுக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினனான்."

"சனம் காசு குடுத்து வாறது அழுறதுக்கோ?"

அடுத்த ஒத்திகையில் கதவுக் காட்சியின் ஏழு பக்கமும் காணாமற் போயிருந்தன.

விழாவன்று நோர்பரி மண்டப மேடையில் முத்துவேழன் பகைவனின் நெஞ்சில் வாளைப் பாய்ச்சினான். சனம் எழுந்து நின்று கைதட்டியது. கிளறிற்றா மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். திரை விழுந்ததும் வெம்பிளியிலிருந்து வந்திருந்த யோகேஸ்வரன் என்ற பெரியவர் அவளைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, நாங்கள் முத்துவேழன்ர பரம்பரை."

"ஐயா, அப்பிடி ஒரு ராசா இருக்கேல்லை."

"அப்ப அந்தக் குளம் ஆர் வெட்டினது?"

"நான்தான் வெட்டினன்!"

அவள் போட்ட சத்தத்தில் தேநீர் மேசையடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் கோபிக்கவில்லை. பாவம், களைத்துப்போனாள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மாசி மாதம் வெம்பிளியில் 'முத்துவேழன் பேரவை' தொடங்கியது. அழைப்பிதழில் கிளறிற்றாவின் பெயரையும் போட்டிருந்தார்கள், "வரலாற்றை மீட்டெடுத்தவர்" என்று. தொலைபேசியில் மறுத்துப் பார்த்தாள். கடிதமும் போட்டாள். "தன்னடக்கம்" என்று புகழ்ந்து இன்னொரு கடிதம் வந்தது. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அன்று முழுக்க வீட்டில் யாரோடும் நல்ல வார்த்தை பேசவில்லை.

தவக்காலத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், தேவாலயத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கினாள். நடிக்க ஆளில்லை. வெட்டப்பட்ட ஏழு பக்கத்தையும் தானே நின்று வாசித்தாள். பதினொரு பேர் வந்தார்கள். இரண்டு பேர் நடுவில் எழுந்து போனார்கள். ஞானரட்ணம் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முத்துவேழன் தாழ்ப்பாளில் கை வைத்த இடத்தில் நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தாள். முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை.

"இதைத்தான் வேண்டாமெண்டனான்," என்று ஞானரட்ணம் எழுந்து மேற்சட்டையைப் போட்டார்.

முன்வரிசையில் இருந்த அஞ்சலீனா அசையவில்லை. கடைசி யுத்தத்தில் வன்னிக்குள் அடைபட்டு, கைக்குழந்தையைப் பறிகொடுத்து வந்தவள். பங்கில் அவள் அதிகம் பேசி யாரும் கேட்டதில்லை.

"கதவு திறந்தாப் பிறகு," என்றாள், "அந்தப் பிள்ளையளுக்குச் சாப்பாடு கிடைச்சதோ?"

கிளறிற்றா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதை அவள் எழுதியிருக்கவில்லை.

"ஓம் அக்கா, கிடைச்சது," என்றாள். "கஞ்சி குடுத்தவை."