பிய்க்காமல் எடுக்க நாலு வரி

1

இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அக்கா கேட்டது நாலே வரி. குடல் அறுவைக்குப் பிறகு அத்தானின் வயிற்றில் ஒரு வாய் வைத்து, மலம் சேர அதன்மேல் பை ஒட்டியிருக்கிறார்கள். தோல் புண்ணாகாமல் அதைக் கழற்றி மாற்றுவது எப்படி என்று எழுதிக் கொடுத்தால் குளியலறையில் ஒட்டிவிடுவாளாம். நர்ஸ் சொன்னால் தலையாட்டுகிறார், அக்கா சொன்னால் எரிந்து விழுகிறார். எழுதுகிற தம்பி பிறகு எதற்கு இருக்கிறான்?

"நாலு வரி கேட்டா கதை விடுறியேடா!" என்று இப்போதே தலையில் அடித்துக்கொள்கிறாள்.

2

அத்தான் பையை மாற்றினார்.

(ஒரே வரியில் பிய்த்துவிட்டேன். அவரும் அப்படித்தான் செய்கிறார். அதுதானே பிரச்சினையே!)

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து

(சனியனே, வெயிலா இப்போது முக்கியம்?)

3

அத்தான் பஸ் ஓட்டுகிறவர். நாளை மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வயிற்றில் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்க அவருக்கே அருவருப்பு. அக்கா பார்த்துவிடுவாளோ என்பது அதைவிடப் பெரிய பயம். பையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு. தோலும் கூடவே உரிந்து வந்தது. ஐயோ, அந்த எரிச்சல்! களிம்பை எடுத்து அப்பினார். புதுப் பை ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. களிம்பு வாசனை கதவுக்கு வெளியே நின்ற அக்காவுக்கு எட்டிவிட்டது.

"களிம்பு பூசினா எப்படிங்க ஒட்டும்? கதவைத் திறங்க!"

"நீ பாக்க வேணாம். போ."

"இத்தனை வருஷத்துல எதைத்தான் பாக்கல நான்?"

4

முடிவு ஒன்று: திறக்கிறார். (அவ்வளவு லேசில் இறங்கி வருகிற ஆளா அவர்?)

முடிவு இரண்டு: துணியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸை எடுக்கிறார். பாதி வழியில் பயணிகள் மூக்கைப் (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு மூன்று:

"மச்சான்! நீ யோசிச்சுக்கிட்டே இரு. இங்க எனக்கு நிக்காம வந்துக்கிட்டிருக்கு!"

குளியலறைக்குள்ளிருந்து அத்தான் என்னைக் கூப்பிட்டு அழுகிறார்.

5

ஒரு மனுஷனைப் பை இல்லாமல் நிற்க வைத்துவிட்டு முடிவு தேடுகிறேன், வெட்கம் கெட்டவன். வாசகரே, அக்காவுக்கும் எனக்கும் அவர் திறக்க மாட்டார். உங்களை அவருக்குத் தெரியாது. ஒருவேளை திறப்பார்.

கதவைத் தட்டுங்கள்; திறந்ததும் உள்ளே போங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் களிம்பு முழுவதையும் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். புண்ணில் நர்ஸ் கொடுத்த பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். புதுப் பையை ஒட்டி, உள்ளங்கைச் சூடு ஏறும்வரை அழுத்திப் பிடியுங்கள். அடுத்த தடவை கழற்றும்போது மேலோரத்தில் தொடங்கி, ஒரு கையால் தோலை அழுத்தியபடி, ஈரத்துணியால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடினால் திட்டுங்கள்.

வெளியே வரும்போது கதவைச் சாத்திவிடாதீர்கள். அக்கா அங்கேயேதான் நிற்கிறாள்.