வேலியோரம் நின்ற வண்டி

மூன்றாவது தோல்விக்குப் பிறகுதான் ராய்ஸுக்கு அந்த வண்டி உறுத்த ஆரம்பித்தது. பயிற்சி மைதானத்தின் வடக்கு வேலிக்கு அப்பால், சோளக்காட்டை ஒட்டிய மண்பாதையில், பச்சைப் பிக்கப் ஒன்று தினமும் மூன்றரை மணிக்கு வந்து நிற்கும். வண்டி ஆரின் ஹாகனுடையது. இருபத்தாறு வருஷம் அந்தச் சின்னக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, கையால் பந்தை எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அந்த ஆட்டத்துக்கு, தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். போன வருஷம் நிர்வாகம் கேக் வெட்டி, கைக்கடிகாரம் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ராய்ஸை உட்கார வைத்தது.

தோற்பது அயோவாவின் அந்த மூலைக்குப் புதிதல்ல. தோற்ற விதம்தான் சரியில்லை. ராய்ஸின் பையன்கள் பந்தை எறியப் போகும்போதெல்லாம் எதிரணி முன்கூட்டியே பின்வாங்கி நின்றது. பந்தோடு ஓடப் போனால் முன்னால் வந்து மொய்த்தது. யாரோ காதில் ஓதிவிட்ட மாதிரி.

"எவனோ நம்ம ஆட்டத்த வெளிய சொல்றான்" என்றான் ராய்ஸ், துணைப் பயிற்சியாளர் கர்ட்டிடம்.

"யாரு சொல்லப் போறா?"

"வேலிப் பக்கம் பாரு. வண்டிக் கண்ணாடிக்குள்ள பேப்பரும் பென்சிலும் தெரியுதா? நம்மள ஜெயிச்ச பெல்மார் காலேஜ் கோச் அவர்கிட்ட பத்து வருஷம் இருந்தவன்."

"ஆரினா? உனக்கென்ன கிறுக்கா? என்னை இங்க சேத்துவிட்டதே அந்த மனுஷன்தான். அப்படியே இருந்தாலும், நாம தோத்த மூணு காலேஜுக்கும் போன் போட்டுச் சொன்னாராக்கும்?"

"ஒருத்தனுக்குச் சொன்னா போதும். ஊரெல்லாம் போயிடும்."

கர்ட் தலையை ஆட்டிவிட்டுப் போனான். இவன் ஏன் அவரை இப்படித் தாங்கிப் பேசுகிறான் என்று ராய்ஸுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து கர்ட் மீதும் ஒரு கண் வைத்தான்.

மறுநாள் வேலி முழுக்கக் கறுப்புத் தார்ப்பாய் ஏறியது. வண்டி நாற்பதடி தள்ளி, மேட்டில் போய் நின்றது. அங்கிருந்து தார்ப்பாய்க்கு மேலே எல்லாம் தெரியும். ராய்ஸ் கல்லூரிக் காவலாளி ட்ராயைக் கூப்பிட்டு, "போய்க் கிளப்பிவிடு. கல்லூரி நிலம்னு சொல்லு" என்றான். ட்ராய் போகவே மனசில்லாமல் போனான். கண்ணாடியைத் தட்டினான். வண்டி கிளம்பியது. மறுபடி வரவில்லை.

அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. காலையில் காபிக் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒரு விவசாயி மட்டும் முட்டைத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"என்ன கோச், வேலிக்குத் தார்ப்பாய் போட்டாச்சு. ஸ்கோர் போர்டுக்கும் ஒண்ணு போட்டுட்டா நாங்களும் நிம்மதியா இருப்போம்ல?"

கடையே சிரித்தது. ராய்ஸ் காபியை வாங்கிக்கொண்டு காருக்குள் போய்க் குடித்தான்.

நான்காவது ஆட்டத்துக்கு முன், கர்ட்டுக்குத் தெரியாமல் அடுத்து எறிவதா ஓடுவதா என்று ஓரத்திலிருந்து சொல்லும் குறிச்சொற்களையும் சைகைகளையும் எல்லாம் மாற்றினான். கர்ட்டிடம் பொய்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தான். பையன்களிடம் உண்மைப் பட்டியலை ஆட்ட நாள் காலையில்தான் காட்டினான். யாரும் சொல்லியிருக்க முடியாது. இருந்தும் எதிரணிக்குத் தெரிந்திருந்தது. இருபத்தொரு புள்ளியில் தோற்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் மனைவி செல்போனை நீட்டினாள். மினசோட்டாவில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்புவதற்காக அவள் ஆட்டத்தைப் பின்னணிக்குத் தள்ளி, ஆட்டப் பட்டியல் அட்டையோடு ஓரத்தில் நின்ற மாப்பிள்ளையையே வீடியோ எடுத்திருந்தாள்.

"இத பாரேன். அம்மாதான் கண்டுபிடிச்சா. உங்க விளையாட்டப் பத்தி அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. 'மாப்பிள்ளை அட்டையால வாய மூடினா பந்து பறக்குது, மூடலைன்னா ஓடுறானுங்க'ங்கறா."

ராய்ஸ் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். பந்தை எறியச் சொல்வது அவனுக்கு ரகசியம். கை தானாக அட்டையை வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறது. ஓடச் சொல்வதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அன்று பகலிலேயே ஆரின் வீட்டுக்குப் போனான். அவர் கராஜில் புல்வெட்டியைக் கழற்றிப் போட்டிருந்தார். ராய்ஸ் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ரெண்டாவது ஆட்டத்துலயே பாத்தேன்" என்றார்.

"சொல்லியிருக்கலாமே, கோச்?"

"அது இப்ப என் மைதானம் இல்ல. கூப்பிடாம உள்ள வர்றதில்லைன்னு இருந்தேன். வேலிகிட்ட வந்து நின்னா, மரியாதைக்காவது ஒரு நாள் நீ வருவேன்னு பாத்தேன். நீ ட்ராய அனுப்பின."

"அந்த பேப்பர்..."

"குறுக்கெழுத்து. என் வீட்டுக்காரி லவோன் போடுவா. அவளும் வண்டிலதான் இருந்தா. உன் கண்ணுக்கு நான் மட்டும்தான் தெரிஞ்சேன்." துணியில் கையைத் துடைத்தார். "என்கிட்ட மன்னிப்பெல்லாம் வேணாம். சமையல்கட்டுல இருக்கா. அவகிட்ட போய்ச் சொல்லு."

லவோன் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"ட்ராய்க்கு ரெண்டாங்கிளாஸ்ல நான்தான் படிக்கச் சொல்லிக்குடுத்தேன். கண்ணாடியத் தட்டிட்டு அழாத குறையா நின்னான், பாவம். நீயே வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கணும். தப்புதான்."

அவள் இன்னொரு ஆப்பிளை எடுத்தாள். அதையும் சீவி முடித்த பிறகு, நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

மீதி நான்கு ஆட்டங்களில் இரண்டை ஜெயித்தார்கள். தார்ப்பாயை ராய்ஸே அவிழ்த்தான். ஆரினும் லவோனும் சனிக்கிழமைகளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேல்படியில் வந்து உட்கார்ந்தார்கள்.

கர்ட்தான் வேலையில் நிற்கவில்லை. சீசன் முடிந்த திங்கட்கிழமை சாவியை மேசைமேல் வைத்தான்.

"நீ எனக்குக் குடுத்தது பொய்ப் பட்டியல்னு நாலாவது ஆட்டத்தன்னிக்கு மூணாவது சைகையிலயே புரிஞ்சுடுச்சு, ராய்ஸ். மத்தியானம் பூரா அந்தப் பசங்க நடுவுல முட்டாளா நின்னேன்."

ராய்ஸ் சாவியை எடுத்து அவனிடமே நீட்டினான். கர்ட் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.