கீச்சும் டொக்கும்

காது மெஷின் கடையில் வேலை பார்க்கிறவனுக்குக் காது என்று பட்டப்பெயர் வைக்க மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ஆனால் அவனுக்கு அந்தப் பெயர் கடையால் வந்ததல்ல. பழைய இசைத்தட்டு சேர்க்கிற கூட்டத்தில், உறையில் பெயர் போடாத வாசிப்பாளர் யாரென்று கேட்டே கண்டுபிடிக்கிறவன் அவன் ஒருவன்தான். அதுவும் ஒரே வாத்தியத்தில்: பெடல் ஸ்டீல் கித்தார். மேஜைபோல நாலு காலில் படுத்திருக்கும். கம்பிமேல் இரும்புக் கட்டையை வழுக்கவிட்டு, கீழே பெடலைக் காலால் மிதித்தால் ஒலித்துக்கொண்டிருக்கிற சுரம் அப்படியே குழைந்து வேறொன்றாகும். யாரோ வெளியே தெரியாமல் அழுகிற மாதிரி இருக்கும்.

ஐம்பது வருடத்துக்கு முன் ஒரே ஸ்டூடியோவில் பதிவான இருபத்து மூன்று தட்டுகள். ஒன்றே ஒன்றில்தான் வாசித்தவர் பெயர் இருந்தது. லாரி ஓட்டிப் பிழைத்தவர் என்பதால் சேகரிப்பாளர்களுக்கு அவர் லாரிக்காரர். அந்தத் தட்டில் நடு பெடலை மிதிக்கும்போதெல்லாம் எலிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு கீச்சு. மற்ற இருபத்திரண்டிலும் அதே கீச்சு. எல்லாம் லாரிக்காரர்தான் என்று காது தீர்ப்பு சொன்னான். மறுபேச்சு பேச ஆளில்லை.

இப்போது அந்த இருபத்து மூன்றும் ஒரே பெட்டியாக மறுபடி வெளிவரப்போகின்றன. கீறல் சத்தம், தூசி சத்தம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்துக் கொடுத்தவனும் காதுதான். வெள்ளிக்கிழமை உறை அச்சுக்குப் போகிறது. அதில் ஏறுகிற பெயர்தான் இனி எந்தக் காலத்துக்கும் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரம்மா தன் அக்காவைக் காது பரிசோதனைக்குக் கூட்டிவந்தார். அக்காவுக்கு எழுபது தாண்டியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாத உயரம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னான். கதவு சாத்தியதும் தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, பழைய தட்டுல யார் வாசிச்சான்னு லிஸ்ட் போடுறது நீங்கதானே?"

காதுக்குள் மணி அடித்தது.

"நீங்க டெஸ்ட்டுக்கு வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?"

"ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. உள்ள உக்காந்திருக்காளே, அதுல மூணு தட்டு அவ வாசிச்சது."

இப்படி ஏற்கெனவே இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவரின் சித்தப்பா அந்தத் தட்டு வந்த வருடம் தொட்டிலில் இருந்தார்.

"எந்த மூணு?"

அவர் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, பெட்டி விளம்பரத்தில் போட்டிருந்த எண்படி, ஏழு, பதினொண்ணு, பத்தொன்பது என்று படித்தார். எழுதிவைத்துக்கொண்டே வந்திருக்கிறார்!

"அந்த மூணுலயும் கீச்சு இருக்குங்க. கீச்சு இருந்தா லாரிக்காரர். அது அவரோட கையெழுத்து."

"கால்ல போட்ட கையெழுத்தா?"

"அவங்ககிட்டயே கேக்கலாமா?"

"கேட்டா, விட்டுத் தள்ளுடிம்பா. இத்தனை வருஷமா அதைத்தான் சொல்றா. எனக்குத்தான் மனசு ஆறல. அவ பேரு ஒரு தடவையாவது அச்சுல வரணும்."

சொந்தமாக வாசித்தவள் வாய் திறக்கமாட்டாளாம், தங்கச்சி வக்காலத்தாம். காது ஒரு காலை ஆட்டிக்கொண்டே திரையைப் பார்த்தான். அங்கே இன்னொரு விஷயம் உறுத்தியது. அவன் எந்தச் சத்தமும் அனுப்பாத நேரத்தில் அக்கா இரண்டு தடவை பொத்தானை அழுத்தியிருந்தார். கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிற குடும்பம் என்று மனதில் குறித்துக்கொண்டான்.

மறுநாள் சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னான்.

"மூணே மூணு கேக்குறாங்க அண்ணி. அதுதான் இடிக்குது."

"பொய் சொல்றவ எதுக்குடா கஞ்சத்தனமா சொல்லணும்? வாய்க்கு வந்தபடி இருபதுன்னு சொல்ல மாட்டாளா?"

"நம்புற மாதிரி இருக்கணும்ல. பலே ஆளுங்க."

"உனக்குக் காதுதான் பாம்பு. மூளை எலி," என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை, காது மெஷினைக் கொடுக்கிற சாக்கில் தையல் கடைக்குப் போனான். பையில் ஒரு பொறி வைத்திருந்தான்: போனில் லாரிக்காரர் பெயர் போட்ட அந்த ஒரே தட்டு. அதையும் தன்னுடையது என்று அக்கா சொன்னால் கதை முடிந்தது.

தையல்காரம்மா கால் மெஷினில் ஒரு சட்டைக் கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் கீச், கீச் என்று அது பல்லைக் கூசவைத்தது. அவன் காது மெஷினைக் கொடுத்ததும் அவரே எழுந்து அக்காவின் காதில் மாட்டிவிட்டார். அந்த நேரம் அவனுக்கு போன் வர, வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி பேசினான். முதுகுக்குப் பின்னால் மறுபடி கீச், கீச்.

"மேடம், ஒரு நிமிஷம் தைக்காம இருங்களேன்," என்றான் திரும்பாமல்.

"நான் எங்க தைக்கிறேன்?" அவர் குரல் பக்கத்திலேயே கேட்டது. வாசலில் நின்று பித்தான் எண்ணிக்கொண்டிருந்தார். "அக்காதான் உக்காந்திருக்கா."

"அதே கீச்சு கேட்டுச்சே?"

"கீச்சு மெஷினோடது தம்பி. யார் மிதிச்சாலும் கத்தும்."

போனில் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள். காது அணைத்துவிட்டான்.

உள்ளே போய் அக்கா முன்னால் நின்றான். "அந்த ஸ்டூடியோ கித்தார்... அது யாரோடது?"

"ஸ்டூடியோவோடது. கட்டில் மாதிரி சாமான், யாரு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது?" அக்கா துணியிலிருந்து கண் எடுக்கவில்லை. "அவரு லோடு ஏத்திட்டு வெளியூர் போனா என்னைக் கூப்பிடுவாங்க. நடு பெடல் ரெண்டு பேருக்கும் கத்தும். எண்ணெய் விடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது."

ஆனாலும் சந்தேகம் லேசில் சாகிற பிராணியா? லாரிக்காரர் இல்லை என்றால் இவர்தான் என்று ஆகிவிடுமா? பொறியைப் போட்டான்.

இரண்டு நொடி கேட்டுவிட்டு அக்கா, "இது அவரு," என்றார்.

ஏழாம் தட்டைப் போட்டான். அக்காவின் கால் நின்றது. முழுப்பாட்டையும் கேட்டார். முகம் சுருங்கியது.

"இது நான் வாசிச்ச பாட்டு. ஆனா நான் இதுல இல்லையே."

'மாட்டிக்கிட்டாங்க' என்று நினைத்தான் காது. "அப்படின்னா?"

"டொக் எங்க?"

"எந்த டொக்?"

"எனக்குக் கால் எட்டாது. இடது ஓரத்துக் கடைசி பெடலை மிதிக்கணும்னா ஸ்டூலோட சாஞ்சுதான் ஆகணும். ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் காலு டொக்குன்னு தரையில இடிக்கும். ஒலிப்பதிவுக்காரர் தலையில அடிச்சுக்குவாரு. டொக்கு இல்லாம நான் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீ கூட அன்னிக்கு ரெண்டு தடவை மேஜையை முட்டுன. நாற்காலி வழியா எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கும் பொத்தானை அழுத்தினேன். தப்பா?"

அந்த டொக்கைக் காதுக்கு நன்றாகத் தெரியும். தட்டுக் கீறல் என்று நினைத்து, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழித்தவன் அவன்தான். கீச்சைப் பொன்போலக் காப்பாற்றினான். டொக்கை வழித்துப் போட்டான்.

"தூசின்னு நெனச்சுத் துடைச்சுட்டேன்," என்றான் மெதுவாக.

"அடப்பாவி! என்னைத் துடைச்சுட்டியா?" அக்கா சிரித்த சிரிப்பில் ஊசியில் கோத்த நூல் உருவிக்கொண்டது. தையல்காரம்மா சிரிக்கவில்லை. "அதை மறுபடி வைக்க முடியுமா, முடியாதா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெட்டியை வெளியிடுகிற கம்பெனிக்குப் போன் போட்டு, அச்சை நிறுத்தச் சொல்லி, வாங்கவேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, துடைக்காத அசல் தட்டுகளை ஒவ்வொன்றாக ஊசிக்குக் கீழே வைத்தான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, டொக் கேட்டால் விரல் மடக்கினாள். ஏழாம் தட்டு, டொக். பதினொன்று, டொக். பத்தொன்பது, டொக். சீட்டில் இருந்த மூன்றும் சரி. ஆனால் நான்காம் தட்டிலும் டொக். பதினாலிலும், பதினாறிலும், இருபத்திரண்டிலும். அண்ணியின் இரண்டாவது கைக்கும் வேலை வந்துவிட்டது.

உடனே தையல் கடைக்குப் போன் போட்டான்.

"மேடம், மூணு இல்ல, ஏழு வருது. ஏன் மூணுன்னு சொன்னீங்க?"

"ஏழுன்னு சொல்லியிருந்தா, டெஸ்ட் முடியறதுக்குள்ள வெளிய அனுப்பியிருப்பீங்கல்ல? மூணுக்கே உங்க மூஞ்சி போன போக்கை நான் பாக்கலையா?"

ஏழு தட்டுக்கும் அக்கா பெயர் போடுவதாகவும், டொக்கைத் திரும்ப வைப்பதாகவும், மீதி பதினைந்தில் லாரிக்காரர் பெயருக்குப் பக்கத்தில் 'இருக்கலாம்' என்று சேர்ப்பதாகவும் சொன்னான். அந்தப் பக்கம் கீச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எட்டுடி!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எட்டா? எட்டாவது எதுங்க?"

"கடைசி பெடலே மிதிக்காத பாட்டு ஒண்ணு இருக்கு. அதுல டொக் இருக்காது," என்றார் அக்கா போனை வாங்கி. "அதான் உனக்குக் காது இருக்கே. கண்டுபிடி."

மெய்யா, சீண்டலா என்று குரலை வைத்து அவனால் சொல்ல முடியவில்லை. பதினைந்து தட்டுகளையும் மறுபடி கையில் எடுத்தான்.