மூன்று சதவீதச் சூடு

கொதிகலன்காரரின் உடம்பில் நாற்பது வீடுகளுக்கு ஒரு நாள் போதுமான சூடு தங்கும் என்பது, அவர் களைத்துப்போய் வெந்நீர்க் குழாயில் சாய்ந்து நின்ற ஒரு மதியம் தெரிய வந்தது. குழாயின் வெப்பமானி முள் விழுந்தது; அவருக்கு வியர்க்கக்கூட இல்லை. அந்த ஆலையில் ஒரே நெருப்புக்கு இரண்டு வேலை. நீராவி சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் தரும். மிச்சச் சூடு தண்ணீரில் ஏறிக் குழாய் வழியே வீடுகளைக் கதகதப்பாக்கும். ஊர்தான் ஒத்து வராது. மதியம் பட்டறைகளுக்கு மின்சாரம் கேட்கும், சூட்டைச் சீண்டாது. பொழுது சாய்ந்தால் சூடு சூடு என்று பறக்கும். மதியச் சூட்டை ஆற்றில் கொட்டி மீன்களை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். வெந்நீரைத் தேக்க ஒரு பெரிய தொட்டி கட்டுவதாக இருந்தது. காதில் செருகிய பென்சில் இறங்கவே இறங்காததால் பென்சில் என்றே பெயர் வாங்கிய இன்ஜினீயர், கொதிகலன்காரரை இரண்டு நாள் அளந்து பார்த்துவிட்டு, தொட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

பதினோரு குளிர்காலம் அப்படியே ஓடியது. மதியம் ஒரு குழாயில் சாய்ந்து சூட்டை வாங்குவார், மாலை எதிர்க் குழாயில் சாய்ந்து அதைக் கொடுப்பார். எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் ஒரு பிடிச் சூட்டை நெஞ்சுக்குள் நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுபோவார். மனைவிக்கு எலும்புக்குள் குளிர் ஏறும் நோய். எட்டுப் போர்வைக்கும் அடங்காது. அவர் மடியில் கால் வைத்தால்தான் மறுநாளைப் பார்ப்பாள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

"வந்துட்டீங்களா என் அடுப்பு? சீக்கிரம் உட்காருங்க, கால் விறைச்சுக் கிடக்கு."

"ஊருக்கெல்லாம் கொடுத்துட்டு மிச்சம்தான்டி உனக்கு."

"மிச்சமே இந்தச் சுடு சுடுது. முழுசா வந்தா வெந்தே போயிருப்பேன்."

பென்சில் ஒரு நாள் கேட்டார். "அண்ணே, அளவுல மூணு சதவீதம் உதைக்குதே, எங்க போகுது?"

"வீட்டுக்குத்தான் தம்பி. அவளுக்குக் குளிருது."

"ஊருக்கே குளிருதுண்ணே" என்ற பென்சில், அண்ணிக்குக் கொடுங்கள் என்று ஒரு ஜோடி கம்பளிக் காலுறை தந்தார்.

மறுநாள் மாலை எதிர்க் குழாயில் இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சாயவைத்தார்கள். குழாயில் பச்சைத் தண்ணீரை விட்டார்கள். எவ்வளவு வற்றுகிறாரோ அவ்வளவு மறுநாள் பிடிப்பார் என்பது பென்சிலின் கண்டுபிடிப்பு. அது சரியாகவும் இருந்தது. உதடு நீலமாகி வீடு சேர்ந்தவர் பழக்கத்தில் உட்கார்ந்தார். பழக்கத்தில் அவள் காலை மடியில் வைத்தாள். காலியான உடம்பு தொட்டதைக் குடிக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"என்னங்க, அடுப்பு அணைஞ்சிருக்கு?"

"இரு, இப்ப ஏறுது."

ஏறத்தான் செய்தது. அவள் பாதத்திலிருந்து, முழங்காலிலிருந்து, மெல்ல மெல்ல. அவருக்கு இதமாக இருந்தது, கண் சொருகியது. விழித்தபோது மடியிலிருந்த கால்கள் இரும்பாகியிருந்தன.

அடக்கம் முடித்து மறுநாள் காலை வேலைக்குப் போனார். பென்சில் வாசலிலேயே நெற்றிச் சூட்டை அளந்தார். "காலி பண்ணித்தானே அனுப்புனோம், எப்படிண்ணே ஏறிச்சு?"

கொதிகலன்காரர் சொன்னார். பென்சில் தலை குனிந்து அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு, "அதை வச்சுக்கிட்டா மதியம் பிடிக்கிறது குறையும்ணே" என்றார்.

கொதிகலன்காரர் எதிர்க் குழாயில் சாய்ந்தார். அந்தக் காலை, யாரும் கேட்காமலே, சில வீடுகளில் தரை கொஞ்ச நேரம் வெதுவெதுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார்கள்.