ஊசி ஒரு படி மேலே

குளிர் தொடங்கிய முதல் வாரத்திலேயே மோட்டார்சைக்கிள் மூன்று முறை அவள் காலை வாரிவிட்டது. மூன்று முறையும் ஒரே இடத்தில்தான். ஊரைத் தாண்டி, சமதளம் முடிந்து, சாலை மலையைப் பார்த்து ஏறத் தொடங்கும் முதல் வளைவு. அதுவரை சமர்த்தாக வரும். ஏற்றத்துக்காக ஆக்சிலேட்டரை முறுக்கினதும் இரண்டு தடவை இருமும், ஒரு தடவை விக்கும், அதோடு சரி. பிறகு பத்து நிமிடம் கிக்கரை உதைத்துக் கால் சலித்தால்தான் மறுபடி உயிர் வரும்.

அவள் தையல் மெஷின் மெக்கானிக். மலைக்கு அந்தப் பக்கம் கம்பளிக் கோட்டு தைக்கும் தொழிற்சாலையில் அறுபது மெஷின்கள் அவள் பொறுப்பு. காலை ஏழு மணிச் சங்குக்குள் அத்தனையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். பஸ் எட்டு மணிக்குத்தான் அங்கே போய்ச் சேரும். ஆகவே மோட்டார்சைக்கிளை விட்டால் வேறு கதி இல்லை.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்க கை நல்ல கைம்மா. யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கை சங்கு ஊதினப்புறம் வந்து சேர்ந்தா எனக்கு என்ன பிரயோஜனம்? வேற ஆள் பாருன்னு மேல இருந்து நச்சரிக்கிறாங்க. திங்கக்கிழமையும் லேட்டானா நான் வாயே திறக்க முடியாது.”

“திங்கக்கிழமை சங்குக்கு முன்னாடி நான் இங்க இருப்பேன் சார்” என்றாள் அவள். சொல்லிவிட்டு, எப்படி என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டின் கீழ்த்தளத்தில் அவளுடைய கொழுந்தன் பட்டறை வைத்திருந்தான். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை என்ஜினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கத்தால் தெருவே அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவனுக்கும் அதில் ஏகப் பெருமை. சனிக்கிழமை மத்தியானம், வெயில் பட்டறைக்குள் வந்து விழும் நேரத்தில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, மாட்டி, காதை வைத்துக் கேட்டான். என்ஜின் பூனைக்குட்டி மாதிரி முனகியது.

“எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணி. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும்.”

அவள் வாய்ச்சொல்லை நம்பி நூல் கோக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் வண்டியை எடுத்துப் பார்த்தாள். அதே வளைவு. இரண்டு இருமல், ஒரு விக்கல். மறுபடி கிக்கரை உதைத்து உயிர் வரவைத்துத்தான் வீடு திரும்பினாள்.

டாக்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். செய்தி கேட்டு முகம் சுருங்கிப்போயிற்று.

“பெட்ரோல் சரியில்லையா இருக்கும் அண்ணி. இல்ல, குளிருக்குப் போடுற சோக்கை நீங்க சீக்கிரமே எடுத்திருப்பீங்க.”

“சோக்கைப் போட்டு வச்சா ஓடுது. எடுத்தா சாகுது. போட்டுக்கிட்டே மலை ஏறவா முடியும்?” என்றாள் அவள். “தம்பி, கோவிச்சுக்காதே. நோயாளிக்குக் காய்ச்சல் வர்றது காலைல. டாக்டர் பாக்குறது மத்தியானம். அப்புறம் எங்க இருந்து குணமாகும்?”

அவன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

தொழிற்சாலையில் அவள் செய்வதும் அதுதானே. மெல்லிய துணியை வைத்து நூலின் இழுப்பைச் சரிசெய்துவிட்டு, கம்பளியை ஓட்டினால் தையல் அத்தனையும் சுருங்கிப்போகும். எதைத் தைக்கப் போகிறோமோ அதையே ஊசிக்கடியில் வைத்துத்தான் திருகைத் திருக வேண்டும். வண்டி தைக்க வேண்டிய துணி அந்த வளைவுக் குளிர். அதை விட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்து திருகினால் என்ன பயன்?

“நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புறோம். நீயும் உன் வண்டியில வர்ற. அங்கேயே வச்சுப் பாக்குறோம்” என்றாள்.

“அந்தக் குளிர்லயா?”

“அந்தக் குளிர்லதான்.”

உள்ளே அவள் கணவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. “போடா, போ. உங்க அண்ணி முடிவு பண்ணிட்டா அப்பீலே கிடையாது.”

திங்கட்கிழமை இருவரும் வளைவுக்கு வந்தபோது வானத்தின் ஒரு ஓரம்தான் வெளுத்திருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து வந்த காற்று சட்டைக்குள் கை விட்டது. அவளுடைய வண்டி சொல்லி வைத்தாற்போல் அதே இடத்தில் நின்றது. குரங்குத் தொப்பியும் இரண்டு ஸ்வெட்டருமாக மூட்டை போல் இறங்கிய டாக்டர், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தான். முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

நகத்தால் அதைச் சுரண்டிப் பார்த்தான்.

“பட்டினி அண்ணி. வண்டி பெட்ரோலுக்கு ஏங்கிக்கிட்டு இருக்கு. மேல போகப் போகக் காத்து லேசாகும், அதுக்குத் தகுந்தாப்ல குறைச்சு வைப்போம்னு குளிருக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணப்பவே நான்தான் பெட்ரோலைக் குறைச்சேன்.”

“மலை உச்சிக்குப் போனாத்தானே அது? இங்க நாம அவ்வளவு உயரத்துலயா இருக்கோம்?”

“இல்ல. இங்க குளிர்தான் ஜாஸ்தி. குளிர்ந்த காத்து கனமா உள்ள போகுது, அதுக்கு ஈடா பெட்ரோலும் கூடப் போகணும்.” நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். “தப்பு என் பேர்லதான்.”

அவன் அப்படி ஒப்புக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது. “சரி, வைத்தியத்தைப் பாரு” என்றாள்.

பிளக்கைத் திரும்ப மாட்டி, என்ஜினைக் கிளப்பிச் சூடேற்றி, கார்புரேட்டர் பக்கவாட்டில் இருந்த காற்றுத் திருகை அரைச் சுற்று உள்ளே விட்டான். காற்று குறைந்தது. தடுமாறிக்கொண்டிருந்த ஓட்டம் நிதானமாயிற்று. ஆனால் ஆக்சிலேட்டரை முறுக்கினால் இருமல் அப்படியே இருந்தது.

“உள்ள இருக்கிற ஊசியையும் ஒரு படி தூக்கணும்” என்று என்ஜினை அணைத்து மேல் மூடியைக் கழற்றினான். வயரோடு வெளியே வந்த உருளைக்குள்ளிருந்து மெல்லிய பித்தளை ஊசியை உருவி எடுத்தான். ஊசியின் தலைப்பக்கம் ஐந்து பள்ளங்கள். நடுப்பள்ளத்தில் அரிசி முனை அளவுக்கு ஓர் இரும்புக் கிளிப். அதை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி அந்த அளவு மேலே ஏறும், பெட்ரோல் தாராளமாக வரும். விறைத்துப்போன விரல்களால் கிளிப்பை நெம்பினான். டிங் என்று ஒரு சத்தம். கிளிப்பைக் காணவில்லை.

“ஐயையோ!”

சாலையோரம் முழுக்கப் பனி நனைத்த புல். டாக்டர் மண்டியிட்டு டார்ச்சை ஆட்டினான். “போச்சு அண்ணி, எல்லாம் போச்சு. பட்டறைக்குப் போய்த்தான் வேற எடுக்கணும். நீங்க என் வண்டியில போயிடுங்க.”

“உன் வண்டி மேட்டுல ஏறாதுன்னு உனக்கே தெரியும். நகராதே. இருக்கிற இடத்துலயே நில்லு.”

அவள் பதறவில்லை. தையல் கூடத்தில் தரையில் விழும் ஊசிகளைப் பொறுக்க ஒரு காந்தக் கட்டை எப்போதும் அவள் பையில் இருக்கும். அதை எடுத்து, வண்டிக்கு அடியிலிருந்து தொடங்கி, சாண் சாணாகப் புல்லின் மேல் தடவிக்கொண்டே போனாள். முதல் தடவை ஒரு துருப்பிடித்த ஆணி வந்தது. இரண்டாவது தடவை ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை, மைல்கல்லை ஒட்டிய இடத்தில், காந்தத்தின் ஓரத்தில் கிளிப் ஒட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணி, நீங்க மனுஷியே இல்ல!”

“அப்புறமா புகழு. ஊசியைக் கொடு.”

குளிருக்கு அவள் விரல்களும் விறைத்துத்தான் இருந்தன. ஆனால் நாளெல்லாம் கடுகு போன்ற திருகுகளோடு மல்லுக்கட்டும் விரல்கள் அவை. இடுக்கியால் கிளிப்பைப் பிடித்து, டாக்டர் காட்டிய பள்ளத்தில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து. கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் மூடியை மாட்டினான். அவள் உதைத்தாள். இரண்டாவது உதையில் என்ஜின் பிடித்துக்கொண்டது. முறுக்கினாள். இருமல் இல்லை, விக்கல் இல்லை. சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மலையில் மோதித் திரும்பியது.

டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்கவே மறந்து, வாயெல்லாம் பல்லாக நின்றான். “பறங்க அண்ணி!”

ஒரு வளைவிலும் கியரைக் குறைத்துக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் நாலாவது வரிசை மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“இன்னிக்கு எதுலம்மா வந்தீங்க?”

“அதே வண்டியிலதான் சார்” என்றாள் தலை நிமிராமல்.

சாயங்காலம் வெளியே வந்தபோது நல்ல வெயில். வண்டி உடனே கிளம்பியது. ஆனால் சத்தம் கொஞ்சம் கனத்திருந்தது. புகைக்குழாயில் பெட்ரோல் வாடை. காலைக் குளிருக்குப் பரிமாறியது சாயங்கால வெயிலுக்கு அளவு மீறிய சாப்பாடு. அவள் பையிலிருந்து தன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, காற்றுத் திருகைக் கால் சுற்று வெளியே விட்டாள். சத்தம் லேசானது. இன்னும் ஒரு நூலளவு. போதும்.

கேட்டில் நின்ற காவலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ரிப்பேரா? மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?”

“நான்தான் மெக்கானிக்” என்று சொல்லி, வண்டியை மலைப்பக்கம் திருப்பினாள்.