அமானிதம் என்றொரு பூனை

ஸுஹறாவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மன்னார் மிருக வைத்தியசாலையில் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஆனாலும் டொக்டர் வாய் திறக்குமுன் தீர்ப்புச் சொல்லிவிடுகிற ஆள்.

கூடையும் கையுமாகப் பிரான்சிஸ்கா வந்த காலையிலும் அதுதான் நடந்தது. கருவாட்டு வாடியில் மீன் காயப்போடும் நாட்கூலிக்காரி. காலில் செருப்பில்லை, சேலையில் ஒட்டு. கூடைக்குள் எலும்பும் தோலுமாக ஒரு கிழட்டுப் பூனை, கண்ணைக்கூடத் திறக்காமல் கிடந்தது.

சிறுநீரகம் பழுது என்றார் டொக்டர். தினமும் குளிசை போட்டால் நோ குறைந்து இன்னும் ஒரு வருடமாவது இருக்கும். குளிசை வவுனியாவில்தான் வாங்கவேண்டும், விலையும் கூட. ஏலாதென்றால் நோகாமல் ஊசி போட்டுக் கண்மூட வைத்துவிடலாம், யோசித்துச் சொல்லுங்கோ என்றுவிட்டு உள்ளே போனார்.

யோசிக்க விடுவாளா ஸுஹறா?

"கோவிக்காதேங்கோ அம்மா. உங்களுக்கே ஒரு சோடி செருப்பில்லை. வசதி இல்லாதவைக்கு என்னத்துக்கு இந்தப் பூனை வளர்ப்பு? அதையும் வருத்தி, உங்களையும் வருத்தி."

பிரான்சிஸ்கா கோபிக்கவில்லை. பூனையின் தலையைத் தடவினாள்.

"நீங்கள் சொல்லுறதும் சரிதான் மகள். பாவம், இதுக்கும் நல்லா நோகுது. ஊசியையே போடச் சொல்லுங்கோ."

நல்ல புத்தி வந்ததே என்று ஸுஹறா சம்மதத் துண்டை எடுத்தாள்.

"பூனைக்குப் பேர் இருக்கோ?"

"ஓம். அமானிதம்."

பேனை அப்படியே நின்றது. "என்ன பேர்?"

"அமானிதம். நான் வச்ச பேர் இல்லை மகள். தொண்ணூறில இயக்கம் சொல்லி முஸ்லிம் ஆக்கள், உங்கட ஆக்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்ததெல்லே, அப்ப பக்கத்து வீட்டு றஹீமா அக்கா இதைக் குட்டியா வேலிக்கு மேலால நீட்டினவ. அழுதழுது ஒரு சொல்லுத்தான் சொன்னவ, 'அமானிதம், பிரான்சிஸ்கா, அமானிதம்' எண்டு. பதின்மூண்டு வருசமா அப்பிடித்தான் கூப்பிடுறன். நாங்கள் சண்டைக்குப் பயந்து மடுக் கோயிலுக்கு ஓடேக்கையும் கூடையில தூக்கிக்கொண்டு போனனான். முகாமில ரின்னில அடைச்ச மீன் தந்தால் முதல் துண்டு இதுக்குத்தான்."

ஸுஹறாவும் அப்படி ஊரை விட்டுப் போனவள்தான். தொண்ணூறில் அவளுக்குப் பத்து வயது. சண்டை ஓய்ந்து சொந்த ஊரான தாராபுரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் கதவில்லை, யன்னலில்லை, கூரையில் ஓடில்லை. விட்டுப்போனது எதுவும் மிஞ்சாது என்று அன்றே முடிவுகட்டியிருந்தாள். இங்கேயோ, பொருளே தெரியாத ஒரு சொல்லை ஒருத்தி எழுத்துப் பிசகாமல், சோறு போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அல்லாவே, இப்படியும் ஒரு மனுஷியா? இவளுடைய காலையா நான் குறை சொன்னேன்?

அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை.

"அம்மா, அது பேர் இல்லை. ஒருத்தரை நம்பிக் குடுக்கிற பொருளைத்தான் நாங்கள் அமானிதம் எண்டுறது. குடுத்த ஆள் வந்து கேக்குமட்டும் பத்திரமா வச்சிருக்கோணும்."

பிரான்சிஸ்கா கூடைக்குள் குனிந்து பூனையைப் பார்த்தாள்.

"அப்ப, இது என்ர பூனை இல்லையோ?"

ஸுஹறா தலை குனிந்தாள்.

பிரான்சிஸ்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, சம்மதத் துண்டை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அப்ப ஊசி போடேலாது மகள். என்ரை எண்டால் கையெழுத்து வச்சிருப்பன். றஹீமா அக்கான்ர சீவனுக்கு நான் எப்பிடி வைக்கிறது? வவுனியா பஸ் எத்தினை மணிக்கு?"

ஸுஹறா அவசரமாகக் காசெடுக்கத் தன் கைப்பையைத் திறந்தாள். பிரான்சிஸ்கா அந்தக் கையைப் பிடித்து, பையை மூடினாள்.

"வேண்டாம் பிள்ளை. அவ என்னட்டையெல்லே தந்திட்டுப் போனவ."