அறுபது மூச்சு

என் பிழைப்பு மூக்கால் நடக்கிறது. அலுவலகத்தில் எனக்கு மூக்கர் என்று பெயர். "அடுத்தவன் விஷயத்துல மூக்கை நுழைக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு இவருதான்" என்று மேலாளர் நாலு பேர் முன்னால் சொல்வார். நாலு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

வேலை இதுதான். எலும்பு காய்ச்சும் ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள். சதுரத்துக்கு ஓர் இடம். வாரம் ஒரு நாள் அங்கே பத்து நிமிடம் நிற்க வேண்டும். பத்து விநாடிக்கு ஒரு மூச்சு, மொத்தம் அறுபது. ஒவ்வொரு மூச்சுக்கும் தாளில் குறிக்க வேண்டும். வாடை இல்லையென்றால் பூஜ்யம், ஆலை வாடைக்கு ஒன்று, வேறு வாடைக்கு இரண்டு. கலந்து வந்தால் எது தூக்கலோ அது. வாசனை சோப்பு கூடாது, முன்னதாகத் தேநீர் கூடாது. வரும் நாளை எந்த வீட்டுக்கும் சொல்லவே கூடாது. சொன்னது தெரிந்தால் ஒரு வருட அளவு மொத்தமும் செல்லாது.

நான் ஒரு வீட்டுக்குச் சொன்னேன். கடைசித் தெருவின் கோடியில் என் தங்கை குடியிருக்கிறாள். அந்தச் சதுரத்தில் அவள் வீட்டைத் தவிர மற்றதெல்லாம் கிடங்குகள். நான் நிற்க வேண்டிய இடம் அவள் வாசல். வேலை முடிந்ததும் உள்ளே போய் ஒரு வாய் தேநீர் குடிப்பேன். அதற்காகத்தான் முந்தின நாளே போன் பண்ணிவிடுவது. அதில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வருடம் முடிந்தது. நாற்றம் அளவு மீறிய சதுரங்களில் இருக்கும் நூற்று நாற்பது குடும்பங்களுக்கு ஆலைக்காரர்கள் வேறு இடத்தில் வீடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. பட்டியல் வெளியே போகும் முன்பே பார்த்துவிட்டேன். அடுத்த சதுரத்தில் வரும் எதிர்வீடு இருந்தது. தங்கை வீடு இல்லை. அவள் வாசலில் நான் குறித்தவை எல்லாம் இரண்டு, இரண்டு, இரண்டு. தரை கழுவும் எலுமிச்சை மருந்தின் வாடை. தினமும் கழுவுகிறாள் போல, நாம் என்ன செய்வது என்று வாரா வாரம் குறித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அவள் மகளுக்கு ஆறு வயது. காலையில் எதைத் தின்றாலும், ஆலையில் கொப்பரையைத் திறந்ததும் வாந்தி எடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு வெறும் வயிற்றோடுதான் போகிறாள். வேறு வீடு கிடைக்கும் என்று நம்பித்தான் தங்கை இந்த ஒரு வருடத்தைத் தள்ளினாள்.

அன்று பகலிலேயே கிளம்பினேன். என்ன சொல்வதென்று தெரியாததால் போன் பண்ணவில்லை. தெருக்கோடியில் திரும்பியதும் குப்பென்று அடித்தது. அழுகின கொழுப்பு. சந்தேகமே இல்லாத ஒன்று. வாசல் காய்ந்து கிடந்தது.

"இன்னைக்கு வாசல் கழுவலையா?"

"நீ வர்றேன்னு சொல்லலையே" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அந்த எலுமிச்சை மருந்து நீ வர்ற அன்னைக்கு மட்டும்தான். அண்ணன் வந்து என் வீட்டு வாசல்ல மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா எனக்கு நல்லாவா இருக்கும்?"

எனக்குள் ஏதாவது பொங்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஊசி போட்டு மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. எல்லாவற்றையும் அதே குரலில் சொன்னேன். ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன, பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை.

அவள் மடித்த துணியைத் திரும்ப மடித்தாள். "மறுபடியும் அளக்கச் சொல்லேன்."

"காரணம் கேப்பாங்க. முன்கூட்டியே சொல்லிட்டுப் போனேன்னு நான் ஒத்துக்கணும். அப்புறம் எல்லா அளவும் போச்சு. நூத்தி நாப்பது வீடும் போச்சு. ஆலைக்காரன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான்."

எதிர்வீட்டுக்காரி கைக்குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு தெருவில் வேகமாக நடந்து போனாள். தங்கை ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவங்களுக்குக் கிடைச்சிருக்கா?"

"கிடைச்சிருக்கு."

"அப்ப நீ வாயைத் திறக்காத."

சரி என்றேன். அவள் மடித்த துணிகளை அடுக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"வேற எந்தெந்த வீட்டுக்கு இப்படிச் சொல்லிட்டு வந்தே, அண்ணா?"

"யாருக்கும் இல்ல. உனக்கு மட்டும்தான்."

"எனக்கு மட்டும்" என்றாள்.

அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. பிள்ளை வரும் நேரமாகிவிட்டது என்று எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பித்தாள். நானும் எழுந்து என் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன்.